பழைய ஹப்பில் வீல் கட்டுவதா, புது வீல் வாங்குவதா?

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் சைக்கிளில் போய்விட்டு மழையில் நனைந்து திரும்பினேன். வீட்டு வாசலில் வண்டியைத் துடைக்கும்போது, பின் ரிம்மில், அதாவது டயர் உட்காரும் வளையத்தில், பிரேக் கட்டை உரசும் இடத்தில் பெருவிரல் பட்டது. தட்டையாக இருக்க வேண்டிய சுவர் குழிந்து கிடந்தது. ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பதினைந்து வருஷமாக இந்த ஊர் மழையிலும் மணலிலும் பிரேக் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த ரிம். இதற்கு மேலும் ஓட்டினால் என்றைக்காவது டயரின் காற்றழுத்தமே அந்தச் சுவரைப் பிளந்துவிடும். மாற்றியே ஆக வேண்டும்.

அதே வீலின் நடுவே இருக்கும் ஹப்பைக் கையால் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து கியர் காலத்து ஷிமானோ நிறுவனத்தின் 105 வகை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, கழுவி, புது கிரீஸ் வைத்து மூடியதைத் தவிர அதற்கு நான் எதுவும் செய்ததில்லை. ரிம் செத்துவிட்டது என்பதற்காக இதையும் சேர்த்துத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆனால் மனம் வராததை மட்டும் வைத்து 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவு செய்ய முடியாது, இல்லையா? கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வாரமே பொங்கோலிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, என் வண்டி வீல் ரொம்ப கனமா இருக்கு. பழைய ஹப்பை வெச்சே லைட்டான ரிம் போட்டுக் கட்டலாம்னு சொல்றாங்க. கட்டலாமா, இல்ல புதுசாவே வாங்கிடலாமா?" வண்டியை எடுத்துக்கொண்டு வா என்றேன். எங்கள் இருவருக்கும் கேள்வி ஒன்றுதான். ஹப்பைத் திறந்து பார்த்த பிறகு அவனுக்கு ஒரு பதிலும் எனக்கு வேறு பதிலும் கிடைத்தது. இரண்டையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

எடை எங்கே இருக்கிறது

முதலில் சமையலறைத் தராசை எடுத்தேன். டயர், டியூப், வீலைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் குவிக் ரிலீஸ் எல்லாம் கழற்றிய பிறகு என் வீல் இரண்டும் சேர்ந்து 2,100 கிராமுக்குச் சற்று மேல். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தால் முன் ஹப் சுமார் 150 கிராம், பின் ஹப் 390. ரிம் ஒவ்வொன்றும் 540, ஆக 1,080. தலை முதல் வால் வரை ஒரே பருமனான 2 மில்லிமீட்டர் ஸ்போக்ஸ் கம்பி 64, எல்லாம் சேர்ந்து 425. கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்னத் திருகு, பித்தளை நிப்பிள் 64, ஒன்று ஒரு கிராம்.

இந்தப் பட்டியலைக் காட்டினால் எவருக்கும் முதலில் உறுத்துவது அந்த 390 கிராம்தான். இன்று இலேசான ஹப் ஜோடி 330, 340 கிராமுக்கே கிடைக்கிறது. ஹப்பை மாற்றினாலே 200 கிராம் குறையுமே என்று தோன்றும். குறையும்தான். ஆனால் அது குறைகிற இடம் வீலின் நட்டநடு. சுழலும் பொருளைச் சுற்றிவிட எவ்வளவு சக்தி வேண்டும் என்பது, அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ரிம் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கம்பி கோக்கும் ஹப்பின் காது இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். தூரம் பத்தில் ஒன்று என்றால் சுழற்சியில் அதன் பங்கு நூறில் ஒன்று.

எளிதாக இப்படி வைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது ரிம்மில் உள்ள ஒரு கிராம் இரண்டு கிராமாகக் கணக்காகும்: முன்னே நகர்த்த ஒரு முறை, சுற்றிவிட இன்னொரு முறை. கம்பியில் உள்ள ஒரு கிராம் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். ஹப்பில் உள்ள ஒரு கிராம் வெறும் ஒரு கிராம்தான், தண்ணீர் பாட்டிலில் இருப்பதைப் போல.

ஆகவே பழைய ஹப் கனம் என்பது உண்மையாக இருந்தாலும், அது கனமாக இருக்கத் தகுந்த இடத்தில்தான் கனமாக இருக்கிறது. காசு செலவழிக்க வேண்டிய இடம் ரிம்மும் கம்பியும். என் வீலில் 540 கிராம் ரிம்முக்குப் பதில் 460 கிராம் ரிம் போட்டு, 425 கிராம் கம்பியை நடுவில் மெலிந்த கம்பியாக மாற்றி 300 கிராமுக்குக் கொண்டுவந்தால், தராசில் குறைவது சுமார் 285 கிராம். வேகம் எடுக்கும் கணக்கில் அது கிட்டத்தட்ட 485 கிராமுக்குச் சமம். புது ஹப் கொடுக்கும் 200 கிராம் இதற்குப் பக்கத்திலேயே வராது, விலையோ பெரும்பாலும் ரிம், கம்பி இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம்.

சிங்கப்பூரில் அது எவ்வளவு உதவும்

இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் மிக உயரமான இடமே புக்கித் தீமா குன்று, சுமார் 164 மீட்டர். சைக்கிளில் மலை ஏறுவது என்றால் ஃபேபர் மலையில் ஐந்து நிமிட ஏற்றம் ஒன்று இருக்கிறது, அதையே நாலு தடவை ஏறி இறங்குகிறோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், 285 கிராம் குறைத்ததால் அந்த ஐந்து நிமிடத்தில் மிச்சமாவது ஒரு விநாடி. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது எடையால் வரும் வித்தியாசம் அநேகமாக ஒன்றுமில்லை. அங்கே எதிர்ப்பது காற்று.

வேகம் எடுக்கும்போது? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 85 கிலோவுக்குள் இருக்கும் சக்தி சுமார் 2,950 ஜூல். ரிம்மில் 300 கிராம் கூடுதலாக இருந்தால் அதற்கு இன்னும் 21 ஜூல் சேரும். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. ஆனாலும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று கிளம்பும் நம் சாலைகளில் இலேசான வீல் கைக்கும் காலுக்கும் தெரிகிறது. திருப்பத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அதற்காகச் செலவு செய்வதில் தவறில்லை. நேரம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

நேரமும் காசும்தான் முக்கியம் என்றால் முதல் வழி வீல் கட்டுவதே இல்லை. டியூப். சாதாரண பியூட்டில் ரப்பர் டியூப் ஒன்று 100, 110 கிராம். மெல்லிய பிளாஸ்டிக்கான டிபியூ (TPU) டியூப் 40 கிராமுக்குள் வருகிறது. இரண்டுக்கும் சேர்த்து 140 கிராம் குறைகிறது, அதுவும் ரிம்மைவிட வெளியே, மிகச் சரியான இடத்தில். கம்பி விளிம்பு வைத்த மலிவு டயரில் ஓட்டுகிறவர்கள் மடக்கும் டயருக்கு மாறினால் இன்னும் 200 கிராம் போகும். ஸ்பேனர் கூட வேண்டாம். டிபியூ டியூபில் சிலவற்றை ரிம் பிரேக் வண்டிக்குப் போடக்கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். ரிம் நன்றாக இருக்கிறது, வண்டி கொஞ்சம் இலேசானால் போதும் என்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு டியூப் வாங்கப் போகலாம்.

எனக்கு அது போதாது, ரிம் தேய்ந்துவிட்டதே.

கடையில் கட்டி வரும் வீல்

எனக்கு இருந்த உண்மையான போட்டி இதுதான். நான் விசாரித்தபோது, ரிம் பிரேக் வண்டிக்கான சாதாரண ஜோடி, ஷிமானோ ஆர்எஸ்100 போன்றது, சுமார் 1,900 கிராம் எடையில் 200 வெள்ளியை ஒட்டிக் கிடைத்தது. 1,650 கிராம் அளவில் வேண்டுமானால் 450, 500 வெள்ளி. என் பழைய ஹப்பில் கட்டினால் வருவது சுமார் 1,825 கிராம். ரிம் இரண்டும் 150 வெள்ளி, கம்பியும் நிப்பிளும் 115, பேரிங் பால்ஸும் கிரீஸும் 15. நானே கட்டினால் 280 வெள்ளி. கடையில் கொடுத்துக் கட்டினால் கூலி ஒரு வீலுக்கு 60 என்று கேட்டார்கள், மொத்தம் 400.

ஆக, கூலி கொடுத்துக் கட்டுவதாக இருந்தால் இந்த வகை ஹப்புக்கு லாபம் இல்லை. 200 வெள்ளிக்குக் கிடைப்பதைவிட 75 கிராம் குறைப்பதற்கு இன்னொரு 200 வெள்ளி. நல்ல கேம்பக்னோலோ ரெக்கார்டோ பழைய டூரா ஏஸோ என்று உயர்தர ஹப் கையில் இருந்தால் பேச்சு வேறு. அவற்றின் பேரிங் ஓட்டமும் மெருகும் இன்றைய 200 வெள்ளி வீலில் கிடைக்காது. சாதாரண 105 ஹப்பை வைத்திருப்பவர் சொந்தக் கையால் கட்டினால்தான் கணக்கு நேராகும்.

ஆனால் விலையும் எடையும் மட்டும் அல்ல. ரெடிமேட் வீலில் கம்பி குறைவு, முன்னால் 16 அல்லது 20, பின்னால் 20 அல்லது 24. பல தயாரிப்புகளில் அந்தக் கம்பி அந்த வீலுக்கே உரியது, நீளமும் தலையின் வடிவமும் வேறு. மூன்று வருஷம் முன்பு அப்படி ஒரு வீலில் பின் கம்பி ஒன்று சாங்கி கோஸ்ட் ரோட்டில் முறிந்தது. கம்பி குறைவாக இருப்பதால் ஒன்று போனாலே ரிம் இழுத்துக்கொண்டு பிரேக்கில் உரசும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் டாக்சிக்குக் காத்திருந்தேன். மாற்றுக் கம்பி வர ஆறு வாரம் ஆனது. 32 கம்பி வீலில் ஒன்று முறிந்தால் பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். மறுநாள் எந்த சைக்கிள் கடையிலும் அந்த நீளத்துக்குக் கம்பி கிடைக்கும். எனக்கு இது 200 வெள்ளியைவிடப் பெரிய விஷயம்.

மற்ற இரண்டு வழிகளை நான் அதிகம் யோசிக்கவில்லை. கார்பன் ரிம் இலேசு, பார்க்க அழகு. ஆனால் ரிம் பிரேக் போட்ட கார்பன் ரிம் மழையில் பிடிக்கும் விதம் எனக்கு நம்பிக்கை தரவில்லை. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. பயன்படுத்திய வீலை இன்னொருவரிடம் வாங்குவது மலிவு, ஆனால் நேரில் போய் ரிம் சுவரில் விரல் ஓட்டிப் பார்த்து, அச்சைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் படத்தைப் பார்த்துக் காசு அனுப்ப வேண்டாம். பிரேக் பக்கம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பது படத்தில் தெரியாது.

ரிம்மை வெளிநாட்டு இணையக் கடையில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 விழுக்காடு. ரிம் நீளமான பொருள் இல்லை என்றாலும் பெட்டி பெரிது, அனுப்பும் செலவும் கூடும். ஜோடிக்கு 20 வெள்ளி மலிவாகத் தெரிந்தது கடைசியில் இங்கே வாங்குவதைவிட அதிகமாக முடியலாம்.

ஹப்பைத் திறக்காமல் முடிவு எடுக்காதீர்கள்

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ரிம்மும் கம்பியும் வாங்கிய பிறகு ஹப்பைத் திறக்கிறார்கள். ஹப்தான் முதலில்.

வீலைக் கழற்றி, குவிக் ரிலீஸை உருவிவிட்டு, அச்சை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். மாவு அரைத்தது போல வழவழவென்று போனால் நல்லது. ரவை மாதிரி நறநறத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது வெறும் அழுக்காகவும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். திறந்து, பால்ஸை எண்ணி எடுத்து வையுங்கள். ஷிமானோ பின் ஹப்பில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குல பால்ஸ் 9 இருக்கும். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

அச்சில் திருகியிருக்கும் கூம்புதான் கோன். கோனில் பால்ஸ் ஓடிய தடம் மங்கலான ஒரு வளையமாகத் தெரியும். பால்பாயிண்ட் பேனாவின் முனையை அந்தத் தடத்தில் மெதுவாக ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத குழியும் கைக்குத் தட்டுப்படும். கோனில் குழி இருந்தால் போகட்டும், புது கோன் கிடைக்கும். பால்ஸை எப்படியும் மாற்றிவிடுங்கள், சில வெள்ளிதான். ஆனால் கோனுக்கு எதிரே பால்ஸ் உட்காரும், ஹப்போடு ஒட்டிய கப்பில் குழி விழுந்திருந்தால் அந்த ஹப்பின் கதை முடிந்தது. அந்தக் கப்பைக் கழற்றி மாற்ற முடியாது. எவ்வளவு அழகான ஹப்பாக இருந்தாலும் அதன் மேல் புது ரிம் கட்டுவது வீண்.

அடுத்தது ஹப்பின் காதுகள், அதாவது கம்பி கோக்கும் ஓட்டைகள் இருக்கும் விளிம்பு. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே, ஓட்டைக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, சாங்கி என்று கடலோரமாகவே ஓட்டும் வண்டியானால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மேலாகப் பூத்தால் தேய்த்து எடுத்துவிடலாம். ஓட்டைக்குள் அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். அச்சைத் தனியாக எடுத்துக் கண்ணாடி மேஜையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

அப்புறம் அளவு. பின் ஹப்பின் அகலம் 8, 9, 10 கியர் சாலை வண்டிக்கு 130 மில்லிமீட்டர், அதற்கு முந்திய 6, 7 கியர் வண்டிக்கு 126. பின் பல்சக்கர அடுக்கைக் கேசட் என்பார்கள், அது ஏறும் ஹப்பின் உருளை ஃப்ரீஹப். பத்து கியர் ஃப்ரீஹப்பில் சாதாரண 11 கியர் கேசட் உட்காராது, அதற்கு 1.85 மில்லிமீட்டர் நீளமான ஃப்ரீஹப் வேண்டும். ஆனால் 11-34 பல் கொண்ட ஷிமானோ எச்ஜி700, எச்ஜி800 கேசட் பழைய நீளத்திலேயே உட்காரும். பதினொரு கியருக்கு மாற நினைத்துக்கொண்டு பழைய ஹப்பை விட மனமில்லாதவர்களுக்கு இது பெரிய வாசல். மடக்கு சைக்கிள்காரர்களும் என்னிடம் கேட்பதுண்டு. 20 அங்குல டாஹோன் மாதிரி வண்டியில் முன் ஹப் 74 மில்லிமீட்டர், பெரிய வண்டியின் 100 மில்லிமீட்டர் ஹப் அதில் ஏறாது.

டிஸ்க் பிரேக்கும், சட்டத்தில் திருகி ஏற்றும் த்ரூ ஆக்சில் அச்சும் உள்ள புது வண்டிக்கு மாறப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். ரிம் பிரேக் ஹப் அந்த வண்டியில் எதற்கும் உதவாது. வண்டியை இன்னும் ஐந்தாறு வருஷமாவது வைத்துக்கொள்வேன் என்பவருக்குத்தான் கட்டுவது சரி.

அக்கா மகனின் ஹப்

அவன் வண்டி எண்பதுகளின் இரும்பு ரேசர். பின் ஹப் 126 மில்லிமீட்டர், பல்சக்கர அடுக்கையே ஹப்பில் மரை போட்டுத் திருகும் பழைய ஃப்ரீவீல் வகை. அந்த வகையில் வலப்பக்கப் பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருக்கும், அதற்கு வெளியே அச்சின் ஒரு துண்டு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அச்சு வளைவதும் முறிவதும் அந்த வகைக்கே உரிய நோய். 1978இல் ஷிமானோ ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்து பேரிங்கை ஓரத்துக்குத் தள்ளிய பிறகுதான் அது தீர்ந்தது. கண்ணாடியில் உருட்டினேன், அவன் அச்சு ஆடியது. திறந்து பார்த்தால் வலது கப்பில் நாலைந்து குழி.

அவன் தினமும் பொங்கோலிலிருந்து பாசிர் ரிஸ் வழியாக வேலைக்கு ஓட்டுகிறான். வீல் கட்டும் பொறுமை இப்போதைக்கு இல்லை, ரிம் தேயவும் இல்லை. கனமாக இருக்கிறது என்பதுதான் குறை. கட்ட வேண்டாம் என்றேன். 200 வெள்ளி ரெடிமேட் ஜோடியை வாங்கச் சொன்னேன். இரும்புச் சட்டம் என்பதால் 126 இடத்தில் 130 ஹப்பைக் கையால் லேசாக விரித்து ஏற்றலாம். அலுமினியச் சட்டத்தில் இதைச் செய்யவே கூடாது. புது ஹப்பில் 7 கியர் கேசட்டுக்குப் பின்னால் இடைவெளியை நிரப்ப வளையம் போட்டோம், அவனுடைய பழைய கியர் நெம்புகோலே வேலை செய்கிறது. கூடவே மடக்கும் டயர். அவன் வீல் டயரோடு சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது. எட்டாவது மாடிக்கு மின்தூக்கியில் நிமிர்த்தித் தூக்கும்போதே தெரிகிறது என்கிறான்.

என் ஹப்பில் கட்டியது

என் ஹப்பைத் திறந்தபோது இரண்டு கப்பும் கண்ணாடி மாதிரி இருந்தன. இடது கோனில் மட்டும் சின்னக் குழி, மாற்றினேன். ஆக, கட்டுவது என்று முடிவாயிற்று.

கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மன்னார்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் கடையில் முன் வீலுக்கு 32, பின் வீலுக்கு 40 என்று கம்பி கோத்து வளர்ந்தவர், இப்போது துவாஸில் வெல்டர். வீல் நேராக்குவதை அவர் "கோட்டம் எடுக்கிறது" என்றுதான் சொல்வார். கோட்டம் எடுக்கும் வேலையைக் கண் பாதி செய்யும், காது மீதி செய்யும் என்பார். இறுகிய கம்பியை விரலால் மீட்டினால் ஒரு சுதி வரும். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுதியில் நின்றால் இழுவிசை சமம். நான் அளவுமானியும் வைத்துக்கொள்கிறேன், ஆனால் அவர் காது தவறியதை நான் பார்த்ததில்லை.

பழைய ஹப்பில் கட்டும்போது மறக்கக்கூடாத ஒன்று: கம்பிகளை வெட்டும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காதில் ஒவ்வொரு ஓட்டையிலும் பழைய கம்பி அழுந்திய தடம் இருக்கும். புதுக் கம்பியும் அதே தடத்தில், அதே சாய்வில் உட்கார வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஓட்டையின் இன்னொரு ஓரம் புதிதாக அழுந்தும், அங்கே விரிசல் தொடங்கும். அதே காரணத்துக்காகப் பழைய ஹப்பில் கம்பியைக் குறுக்கே பின்னாமல் நேராகக் கோப்பதும் வேண்டாம். சில கிராம் மிச்சம் என்பார்கள், காது பிய்ந்துவிட்டால் ஹப்பே போச்சு. மூன்று குறுக்கு, அதாவது ஒரு கம்பி வழியில் மூன்று கம்பிகளைக் கடப்பது, பழைய தடம். அவ்வளவுதான்.

பழைய கம்பியையே திரும்பப் போடலாமா என்று கேட்பார்கள். புது ரிம்மில் ஒரு நிப்பிள் உட்காரும் இடத்திலிருந்து எதிரே நிப்பிள் உட்காரும் இடம் வரையுள்ள விட்டம், ஈஆர்டி என்பார்களே, அது பழைய ரிம்மோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் போடலாம். புது ரிம்மைப் பழையதன் பக்கத்தில் ஒட்டி வைத்துக் கம்பியை ஒவ்வொன்றாக இடம் மாற்றினால் பின்னல் வேலையே இல்லை. 150 வெள்ளியில் முடிந்துவிடும், எடையும் ரிம்மில் 160 கிராம் குறையும். கை இறுக்கமாக இருப்பவர்களுக்கு எல்லா வழியிலும் மலிவானது இதுதான். எனக்குக் கம்பியிலும் இலேசு வேண்டியிருந்ததால் புதிதாக வாங்கினேன்.

ரிம் டிடி ஸ்விஸ் ஆர்460, 32 ஓட்டை. பெயரிலேயே எடை இருக்கிறது, 460 கிராம். இதைவிட இலேசான ரிம் உண்டு. ஆனால் பிரேக் பக்கச் சுவர் மெலிந்தால் ஆயுள் குறையும். மழைமண்ணில் ஓட்டுகிறவன் 40 கிராமுக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 36 ஓட்டை ஹப் வைத்திருப்பவர்கள் ஹப்பைத் திறந்த கையோடு ரிம் கிடைக்கிறதா என்று தேடிவிடுங்கள், இலேசான ரிம் 36 ஓட்டையில் அபூர்வம்.

கம்பியில்தான் கொஞ்சம் யோசித்தேன். பின் வீலில் கேசட்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலது காது நடுவுக்குக் கிட்டே இருக்கிறது. வலப்பக்கக் கம்பிகள் மிக இறுக்கம், இடப்பக்கத்தில் இழுவிசை பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். இறுக்கம் குறைந்த பக்கத்தில் தடித்த கம்பி போட்டால் அது சீக்கிரம் தளர்ந்து, நிப்பிள் தானாகக் கழலும். மெல்லிய கம்பி அதிகம் நீண்டு கொடுப்பதால் எப்போதும் கொஞ்சம் இழுத்தபடியே இருக்கும். அதனால் வலப்பக்கம் நடுவில் 1.8 மில்லிமீட்டர், இடப்பக்கமும் முன் வீல் முழுதும் நடுவில் 1.5. எடையும் குறைந்தது, வீலும் உறுதியாக நிற்கிறது.

1.5 கம்பியில் ஒரு தொல்லை உண்டு. நிப்பிளைத் திருப்பும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஓட்டும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து வீல் கோணலாகும். கம்பியில் ஒரு துண்டு டேப் கொடி மாதிரி ஒட்டிவிட்டு, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் திருப்பி, கொடி பழைய இடத்துக்கு வரும்வரை திரும்ப விடுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடியாகக் கையால் பிடித்து அழுத்துங்கள். கிர், கிர் என்று சத்தம் வரும். சத்தம் நிற்கும்வரை செய்ய வேண்டும்.

அலுமினிய நிப்பிள் போட்டால் இன்னும் 40 கிராம் குறைந்திருக்கும். போடவில்லை. இந்த ஈரத்திலும் கடற்காற்றிலும் அலுமினிய நிப்பிள் சில வருஷத்தில் அரித்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கோட்டம் எடுக்கத் திருப்பினால் உடைந்து கையோடு வரும். பித்தளை இருபது வருஷம் கழித்தும் திரும்பும். மரையில் ஒரு சொட்டு ஆயில் விட்டுத்தான் கோக்க வேண்டும்.

கடைசியாகக் கோன் இறுக்கம். குவிக் ரிலீஸ் இல்லாமல் அச்சில் மயிரிழை ஆட்டம் இருக்கும்படி விடுங்கள். குவிக் ரிலீஸை மூடியதும் அச்சு அழுந்தி அந்த ஆட்டம் மறைய வேண்டும். முதலிலேயே ஆட்டமில்லாமல் இறுக்கினால், மூடிய பிறகு பால்ஸ் நசுங்கி, இத்தனை வருஷம் குழி விழாத கப்பில் ஆறே மாதத்தில் குழி விழும்.

இரண்டு வீலும் கட்ட எனக்கு மூன்று மாலைகள் ஆயின. தராசில் 1,830 கிராம் காட்டியது. ஜூனில் மண்டாய் ரோடு, லிம் சூ காங் என்று 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப ஸ்டாண்டில் ஏற்றினேன். பின் வீலில் இடப்பக்கம் இரண்டு நிப்பிள் மட்டும் கால் சுற்றுத் திருப்ப வேண்டியிருந்தது.